ஏழால் பெருக்கினால் போதுமா? வேட்டை நாயின் வயதும் முதுமையும்

திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பகுதி வானம் பார்த்த பூமி. ஆட்டுக்கிடையிலும் புஞ்சைக் காட்டிலும் வீட்டு வாசலிலும் காவலுக்கு நாய் நிற்பது இங்கு வழக்கம். இதே விருதுநகர் மாவட்டத்தில் உள்ள ராஜபாளையம், சிப்பிப்பாறை ஆகிய இரண்டு ஊர்களின் பெயர்களும் நாயினப் பெயர்களாகவே நிலைத்துவிட்டன. 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாயின அஞ்சல்தலைகளில் ராஜபாளையம் ஒன்று. ஒரு காலத்தில் வேட்டைக்கு வளர்க்கப்பட்ட இனங்கள் இவை. வேட்டை இன்று சட்டப்படி குற்றம் என்பதால், காவலே இவற்றின் வேலை.

இத்தகைய வீட்டிலிருந்து வரும் ஏழாம் வகுப்புக் குழந்தை, “எனக்கும் எங்க நாய்க்கும் ஒரே வயசு. அது மட்டும் ஏன் கெழடாயிருச்சு?” என்று கேட்டால் என்ன சொல்வோம்? “நாயின் வயதை ஏழால் பெருக்கு” என்பதே பலருக்கும் தெரிந்த விடை. அது எளிது, ஆனால் சரியன்று.

வளர்ச்சி நேர்கோடு அன்று

ஓராண்டு நிறைந்த நாய் குட்டி ஈனக்கூடியது. ஏழு வயதுக் குழந்தையோடு அதை எப்படி ஒப்பிட முடியும்? 2020ஆம் ஆண்டு கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 104 லேப்ரடார் நாய்களின் டி.என்.ஏ.வில் வயதோடு மாறும் வேதிக் குறிகளை ஆராய்ந்து, மனிதரின் குறிகளோடு ஒப்பிட்டனர். அவர்கள் கண்ட வாய்பாடு: நாயின் வயதின் இயல் மடக்கையை 16ஆல் பெருக்கி, 31ஐக் கூட்டுக. அதன்படி 1 வயது நாய் 31 வயது மனிதருக்கும், 2 வயது நாய் 42க்கும், 4 வயது 53க்கும், 7 வயது 62க்கும், 12 வயது 71க்கும் ஏறத்தாழ நிகராகும்.

இது லேப்ரடாருக்குரிய கணக்கு. நம் நாட்டு இனங்களுக்கு எண்களை அப்படியே பொருத்தக் கூடாது. வளைகோட்டின் வடிவமே நமக்குப் பாடம். தொடக்கத்தில் செங்குத்தாக ஏறி, பிறகு மெல்லச் சாய்கிறது.

பெரிய நாய்க்கு ஏன் குறைந்த ஆயுள்?

பொதுவாகப் பெரிய விலங்கினம் நீண்ட நாள் வாழும். யானை எலியைவிடப் பல மடங்கு ஆண்டுகள் வாழ்கிறது. நாய் என்ற ஒரே இனத்துக்குள் மட்டும் இது தலைகீழ். சின்னஞ்சிறு சிவாவா நாய் பதினைந்தை எட்டலாம். மிக உயரமான ஐரிஷ் உல்ஃப்ஹவுண்ட் ஏழு வயதையொட்டியே முடிந்துவிடுகிறது.

74 இனங்களை ஆராய்ந்து 2013இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, உடல் எடை ஏறத்தாழ 2 கிலோ கூடும்போது ஆயுளில் ஒரு மாதம் குறைவதாகக் கூறியது. பெரிய நாய்க்கு முதுமை முன்கூட்டியே தொடங்குவதைவிட, தொடங்கிய முதுமை வேகமாக நகர்வதே முதன்மைக் காரணம் என்றும் அது காட்டியது. பெரிய இனக் குட்டி ஒன்றரை ஆண்டுக்குள் பிறந்த எடையைப்போல் நூறு மடங்கை எட்டக்கூடும். அந்த வேகத்தைத் தூண்டும் வளர்ச்சிக் காரணிகளே பின்னாளில் புற்றுநோய் போன்றவற்றுக்கும் வழிவிடுகின்றன என்பது அறிவியலாளர் பலர் முன்வைக்கும் விளக்கம்.

ராஜபாளையம் உயரத்தில் பெரிது. 65 முதல் 75 செ.மீ. வரை நிற்கும். ஆனால் ஒடுங்கிய வயிறும் மெலிந்த உடலும் கொண்டதால் எடை அந்த அளவுக்கு ஏறுவதில்லை. பத்து முதல் பன்னிரண்டு ஆண்டுகள் என்பது இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் ஆயுள். நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருக்கினால் நோய்கள் கூடும். வெள்ளை நிறத்தோடு தொடர்புடைய பிறவிச் செவிட்டுத்தன்மை இந்த இனத்தில் அறியப்பட்ட குறை.

முதுமையை எப்படி அறிவது?

கறுப்பு நிறக் கன்னி நாய்க்கு வாயைச் சுற்றி முடி நரைப்பது கண்ணில் படும். வெள்ளை ராஜபாளையத்தில் நரை தெரியாது. அதனால் வயதானதே வீட்டாருக்குப் புலப்படாமல் போகலாம். வேறு அடையாளங்கள் உண்டு: எழும்போது பின்னங்கால் தடுமாறும், கண்மணியில் நீலம் கலந்த மங்கல் படியும், கூப்பிட்டால் திரும்பாது, பகலில் தூங்கி இரவில் அலையும். இதைச் சோம்பல் என்றும் “இனி காவலுக்கு ஆகாது” என்றும் எண்ணி ஊருக்கு வெளியே விட்டுவருவோர் உண்டு. பசியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில் விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். நாய்க்கு உடல் முழுவதும் வியர்த்து வெப்பம் தணிவதில்லை, இளைத்தே தணித்துக்கொள்கிறது. கோடையில் கிழநாய்க்கு நிழலும் தண்ணீரும் மிக அவசியம்.

குழந்தைகளின் பாதுகாப்பும் இதில் இருக்கிறது. காது மந்தமான நாயைத் தூக்கத்தில் தொட்டால், மிரண்டு கடிக்கலாம். முன்பக்கமாக வந்து, அது பார்த்த பிறகே அருகில் செல்ல வேண்டும். வீட்டு நாயே கடித்தாலும் புண்ணை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வயதான நாய்க்கும் வெறிநோய்த் தடுப்பூசி தவறக் கூடாது.

வகுப்பறையில்

தொடக்க வகுப்பில் வீட்டு விலங்குகளின் வயதையும் மாற்றங்களையும் பட்டியலிடச் செய்யலாம். நடுநிலை வகுப்பில் ‘ஏழால் பெருக்கும்’ கோட்டையும் மேலே தந்த ஐந்து புள்ளிகளையும் ஒரே வரைபடத்தாளில் குறித்து, இரண்டும் எங்கே வெட்டிக்கொள்கின்றன என்று கேட்கலாம். மேல்நிலை மாணவர்கள் மடக்கை வாய்பாட்டைக் கொண்டு மற்ற வயதுகளையும் கணக்கிடலாம். வரைந்த தாளை வீட்டுக்கு எடுத்துச் செல்லட்டும். தங்கள் காவல் நாய் அந்த வளைகோட்டில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் குழந்தைகளே வீட்டாருக்குக் காட்டுவார்கள்.