பழைய இரும்பு ஷெட்டுக்குள் ஒரு மாடி: புயலைத் தாங்கினால் போதுமா?

எங்கள் ஆர்.கே.பேட்டை பக்கம் விசைத்தறிக் கூடங்கள். கிழக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் போனால் பெரிய பெரிய எஃகு ஷெட்டுகள். இடம் போதவில்லை என்றால் பலருக்கும் முதலில் தோன்றுவது, இருக்கிற ஷெட் தூண்களிலேயே பீம் அடித்து நடுமாடி (மெஸ்ஸனைன்) போட்டு சரக்கு அடுக்குவதுதான். "புயலுக்கே அசையாத ஷெட் சார், இதுக்கா அசையப்போகுது?" நான் சாஃப்ட்வேர்காரன், கட்டுமானப் பொறியாளர் இல்லை. ஆனாலும் இந்த வாதம் நிற்குமா என்று கணக்கு போட்டுப் பார்க்கலாமே.

முதலில், விதி மாறிய கதை. இந்தியாவின் நிலநடுக்க வடிவமைப்புத் தரம் ஐ.எஸ். 1893. அதன் 1984 பதிப்பில் சென்னை மண்டலம் 2. 2001 ஜனவரி 26 பூஜ் நிலநடுக்கத்துக்குப் பிறகு, 2002 பதிப்பில் மண்டலம் 3 ஆனது. நடுவில் 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரி அருகே கடலில் 5.5 அளவில் ஒரு நடுக்கம். சென்னையும் அதை உணர்ந்தது. ஆக, 2002-க்கு முந்தைய ஷெட்டுகள் பழைய விதிக்குக் கட்டியவை.

இப்போது கணக்கு. 20 மீட்டருக்கு 30 மீட்டர், 8 மீட்டர் உயர ஷெட். சொந்த எடை தோராயமாக 20 டன். மண்டலம் 3-ல், குறுக்குச் சட்டம் (பிரேசிங்) போட்ட சாதாரண எஃகுச் சட்டகத்துக்கு நிலநடுக்க விசை எடையில் சுமார் 5 சதவீதம், அதாவது 1 டன். காற்று? சென்னைப் பகுதிக்கு அடிப்படை வேகம் நொடிக்கு 50 மீட்டர். சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ அழுத்தம். நீளச் சுவர் 240 சதுர மீட்டர் என்றால் 36 டன்! ஷெட்டைக் கட்டியதே காற்றுக்காகத்தான்.

பாதி இடத்தில், 300 சதுர மீட்டரில், கான்கிரீட் தளம் போட்டு சரக்கு வைக்கிறோம். தளம் சதுர மீட்டருக்கு 250 கிலோ, சரக்கு 500 கிலோ. நிலநடுக்கக் கணக்கில் சரக்கில் பாதியைச் சேர்க்க வேண்டும். கூடுதல் 150 டன். மொத்தம் 170 டன், அதில் 5 சதவீதம் 8.5 டன்.

36-க்கு முன்னால் 8.5 தானே, அப்புறம் என்ன பயம்? சிக்கல் இங்கேதான். அந்த 8.5 டன் ஏற்கெனவே நான்கால் வகுத்த எண். வடிவமைப்பு நடுக்கத்தில் ஷெட் வளையாமல் நின்றால் வரும் விசை 34 டன். எஃகு உடையாமல் வளைந்து சக்தியை உறிஞ்சும் என்ற நம்பிக்கையில் விதி கொடுக்கும் தள்ளுபடி அது. ஆர் என்ற எண், இங்கே 4. காற்றுக்கு இந்தத் தள்ளுபடி கிடையாது. வளைவதற்கு முன்பே போல்ட் அறுந்தாலோ வெல்டிங் பிளந்தாலோ, தள்ளுபடியும் போச்சு. காற்றை மட்டும் மனதில் வைத்துச் செய்த பழைய இணைப்புகளில் இதுதான் கேள்வி.

இன்னொன்று: காற்று எல்லாத் தூண்களிலும் பரவி அடிக்கும். நிலநடுக்க விசை எடை இருக்கும் இடத்தில் பிறக்கும். மாடி ஒரு பக்கம் மட்டும் என்றால் ஷெட் முறுக்கிக்கொள்ளும்.

2002 பதிப்பின் 6.1.7 பிரிவு தெளிவாகவே சொல்கிறது: பழையதோடு இணைத்துக் கட்டினால், முழுக் கட்டடமும் புதிய விதிக்குப் பொருந்த வேண்டும். விலக்கு வேண்டுமானால், பழைய உறுப்பு எதிலும் நிலநடுக்க விசை 5 சதவீதத்துக்கு மேல் கூடக்கூடாது, அல்லது கூடினாலும் தாங்கும் என்று காட்ட வேண்டும். பழைய பாகத்தின் வலு குறையவும் கூடாது. நம் கணக்கில் மொத்த விசை எட்டரை மடங்கு!

சுலபமான வழி, மாடியைத் தனியாக நிறுத்துவது. சொந்தத் தூண், சொந்த அடித்தளம், சொந்த பிரேசிங். நடுவில் இடைவெளி. அதற்கும் அதே ஆர் வரும்: கணக்கில் ஷெட் 15 மி.மீ., மாடி 10 மி.மீ. நகர்ந்தால், 25-ஐ நான்கால் பெருக்கி 100 மி.மீ. விடவேண்டும். பிறகு அந்தச் சந்தில் பைப்போ கேபிள் ட்ரேயோ இறுக்கமாகப் போட்டு இரண்டையும் கட்டிவிடக் கூடாது.

ஃபேப்ரிகேட்டரிடம் "எத்தனை டன் தாங்கும்?" என்று மட்டும் கேட்காதீர்கள். பக்கவாட்டில் எவ்வளவு தாங்கும், தூணின் அடியில் இருக்கும் போல்ட்டை யார் சோதித்தது என்று ஒரு கட்டுமானப் பொறியாளரிடம் கேளுங்கள்.