கரண்ட் போனால் என்ன செய்வது? இன்வேர்ட்டர் வாங்கும் முன் ஒரு கணக்கு



மலைநாட்டில் காற்றும் மழையும் சேர்ந்து வந்தால் முதலில் போவது கரண்ட்தான். ஒரு மரக்கிளை வயரில் விழுந்தால் போதும், ஒரு டிவிஷன் முழுவதும் இருட்டாகிவிடும். 2022ஆம் ஆண்டு நாடு முழுக்க முறை வைத்து மின்வெட்டு நடந்தது. அந்த மார்ச் மாதக் கடைசியில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் ஒரேயடியாகக் கரண்ட் போனது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது, மண்சரிவோடு மின்கம்பங்களும் சாய்ந்து, பல இடங்களில் நாட்கணக்காக இருட்டில் இருக்க வேண்டி வந்தது.

இதனால் இப்போது பல வீடுகளில் "ஒரு இன்வேர்ட்டர் வாங்கினா என்ன?" என்ற பேச்சு நடக்கிறது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கும் வீட்டிலும், இழுப்பு நோய்க்கு நெபுலைசர் வைத்திருக்கும் வீட்டிலும் இது ஆடம்பரம் இல்லை, தேவை. ஆனால் சீட்டுக் காசையோ தீபாவளி முற்பணத்தையோ கொண்டுபோய் டவுன் கடையில் கொடுக்கும் முன்பு, விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாமல் வாங்கினால் காசு நட்டம். தெரியாமல் பொருத்தினால் லயமே எரியும். ஒரு காம்பராவில் பிடிக்கும் நெருப்பு அந்தக் காம்பராவோடு நிற்பதில்லை என்பது நமக்குத் தெரிந்ததுதானே.

இன்வேர்ட்டர் என்றால் என்ன?

லயங்களுக்குக் கரண்ட் வராத காலத்தில் கார் பெட்டரியில் டிவி பார்த்தது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்போது 12 வோல்ட்டில் ஓடும் சின்னக் கறுப்பு வெள்ளை டிவியைப் பெட்டரியில் நேராகவே கொடுத்தோம். இன்றைய டிவியும் மற்றச் சாமான்களும் 230 வோல்ட்டில் ஓடுகிறவை. பெட்டரியில் இருக்கும் 12 வோல்ட் நேர் மின்சாரத்தை, வீட்டு பிளக்கில் வருகிற 230 வோல்ட் ஆடலோட்ட மின்சாரமாக மாற்றிக் கொடுக்கும் பெட்டிதான் இன்வேர்ட்டர்.

இன்வேர்ட்டர் தானாகக் கரண்ட் உண்டாக்காது. பெட்டரியில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான் தரும். அதிலும் மாற்றும்போது நூற்றில் 10 முதல் 15 பங்கு சூடாகப் போய்விடும். ஆகவே இன்வேர்ட்டர், பெட்டரி, சார்ஜர் மூன்றையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும். கடையில் இன்வேர்ட்டர் விலையை மட்டும் கேட்டுவிட்டு வந்தால் பாதிக் கணக்குத்தான்.

முதல் கேள்வி: உண்மையில் இன்வேர்ட்டர் வேண்டுமா?

வெளிச்சமும் போன் சார்ஜும் மட்டும்தான் தேவை என்றால் இன்வேர்ட்டரே தேவையில்லை. கரண்ட் இருக்கும்போது சார்ஜ் ஆகி, கரண்ட் போனதும் தானாக எரியும் மின்குமிழ்கள் கிடைக்கின்றன. போனுக்கு ஒரு பவர் பேங்க் போதும். மிகக் குறைந்த செலவில் வேலை முடிந்துவிடும். டிவி, நெபுலைசர், கணினி போன்ற 230 வோல்ட் சாமான் ஓட வேண்டும் என்றால் மட்டும் இன்வேர்ட்டரைப் பற்றி யோசியுங்கள்.

எதை ஓட்டலாம், எதை ஓட்டக்கூடாது?

ஒவ்வொரு சாமானின் பின்பக்கத்திலும் எத்தனை வாட்ஸ் என்று எழுதியிருக்கும். பொதுவாக எல்.இ.டி. மின்குமிழ் ஒன்று 9 வாட்ஸ், சின்ன எல்.இ.டி. டிவி 40 வாட்ஸ் அளவு, போன் சார்ஜர் 10 வாட்ஸ். மோட்டார் உள்ள நெபுலைசர் 150 வாட்ஸ் வரை எடுக்கும்.

ஆனால் சூடாக்கும் சாமான்கள் வேறு சாதி. ரைஸ் குக்கர் 500 வாட்ஸுக்கு மேல், ஸ்திரிக்கைப் பெட்டி 1000 வாட்ஸ், தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்தல் 1500 வாட்ஸுக்கும் மேல். இவற்றை வீட்டுப் பெட்டரியில் ஓட்ட நினைக்க வேண்டாம். அடுப்பும் விறகும் இருக்கும்போது பெட்டரியைக் கொன்று தேத்தண்ணி போடுவானேன்?

குளிர்சாதனப் பெட்டி ஓடும்போது 100, 150 வாட்ஸ்தான் எடுக்கும். ஆனால் மோட்டார் கிளம்பும் அந்த ஒரு நொடியில் அதைப் போல ஐந்து, ஆறு மடங்கு இழுக்கும். சின்ன இன்வேர்ட்டர் அங்கேயே கத்திவிட்டு நின்றுவிடும். சில மணித்தியாலம் கரண்ட் இல்லை என்றால் கதவைத் திறக்காமல் வைப்பதே நல்லது. நான்கு மணித்தியாலம் வரை குளிர் நிற்கும்.

ஒரு வீட்டுக் கணக்கு

உதாரணத்துக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மாலை ஆறு மணிக்குக் கரண்ட் போய் ஒன்பது மணிக்கு வருகிறது. மூன்று மணித்தியாலம்.

மூன்று மின்குமிழ் (27 வாட்ஸ்) 3 மணித்தியாலம்: 81
டிவி (40 வாட்ஸ்) 3 மணித்தியாலம்: 120
போன் சார்ஜர் (10 வாட்ஸ்) 3 மணித்தியாலம்: 30
நெபுலைசர் (150 வாட்ஸ்) கால் மணித்தியாலம்: சுமார் 38

மொத்தம் 269 வாட் மணித்தியாலம். மாற்றும்போது வீணாவதையும் சேர்க்க 0.85ஆல் பிரித்தால் சுமார் 316 வரும். அதை 12 வோல்ட்டால் பிரித்தால் 26 அம்பியர் மணித்தியாலம். பெட்டரியிலிருந்து எடுக்க வேண்டிய அளவு இதுதான்.

"அப்போ 26 அம்பியர் பெட்டரி போதும்தானே?" என்று கேட்பீர்கள். போதாது. ஈய அசிட் பெட்டரியைப் பாதிக்கு மேல் காலியாக்கக் கூடாது. தினமும் அடி வரைக்கும் உறிஞ்சினால் சில மாதத்தில் செத்துவிடும். ஆகவே இரண்டால் பெருக்கி 52, கடையில் கிடைக்கும் அடுத்த அளவு 60 அம்பியர் பெட்டரி என்று வையுங்கள்.

இனி இன்வேர்ட்டர். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டால் 227 வாட்ஸ். நெபுலைசர் மோட்டார் கிளம்பும்போது கூடுதலாக இழுக்கும் என்பதால் 500 வாட்ஸ் இன்வேர்ட்டர் போதுமானது. நெபுலைசர் இல்லாத வீட்டுக்கு 150, 200 வாட்ஸே தாராளம். "எதுக்கும் இருக்கட்டும்" என்று 2000 வாட்ஸ் வாங்கினால் காசும் கூட, சும்மா போட்டு வைத்தாலே அது குடிக்கும் கரண்டும் கூட.

பெட்டியில் எழுதியிருப்பதை நம்பலாமா?

சில மலிவுப் பெட்டிகளின் மேல் 2000, 3000 வாட்ஸ் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். தூக்கினால் ஒரு பாண் ராத்தல் கனம்கூட இருக்காது. கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி உண்டு. 12 வோல்ட் பக்கத்தில் இருக்கும் பியூஸில் எத்தனை அம்பியர் என்று பாருங்கள். 40 அம்பியர் பியூஸ் ஒன்றுதான் இருக்கிறது என்றால், 40ஐ 12ஆல் பெருக்க 480. அந்தப் பெட்டி 480 வாட்ஸுக்கு மேல் தொடர்ந்து தர வழியே இல்லை, மேலே என்ன எழுதியிருந்தாலும் சரி.

கடைக்காரரிடம் இப்படிக் கேளுங்கள்: "முதலாளி, இது தொடர்ந்து எத்தனை வாட்ஸ் தரும்? ஒரு நொடிக்கு எத்தனை வாட்ஸ் தரும்?" இரண்டும் வேறு வேறு. நமக்குத் தேவை முதல் எண்தான். சிலவற்றில் வாட்ஸுக்குப் பதிலாக வி.ஏ. என்று இருக்கும். வி.ஏ. எண்ணைவிட வாட்ஸ் குறைவாகத்தான் இருக்கும். அதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

சைன் அலை என்று சொல்கிறார்களே?

வீட்டு பிளக்கில் வரும் கரண்ட் கடல் அலை மாதிரி ஏறி இறங்கும். அதைப் போலவே தருவது தூய சைன் அலை இன்வேர்ட்டர். விலை கூட. மலிவானது படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கும். அதை மாற்றியமைத்த சைன் அலை என்பார்கள். மின்குமிழும் பெரும்பாலான போன் சார்ஜரும் படிக்கட்டுக் கரண்டிலும் ஓடும். மோட்டார் உள்ள சாமான்கள் அதில் உறுமும், சூடாகும், சீக்கிரம் பழுதாகும். ஆகவே நெபுலைசர் வைத்திருக்கும் வீட்டுக்காரர்கள் தூய சைன் அலைதான் வாங்க வேண்டும். ஒட்சிசன் இயந்திரம் போன்றவற்றை வீட்டில் வைத்திருப்பவர்கள், எதையும் வாங்கும் முன் அதைக் கொடுத்த வைத்தியசாலையில் கேளுங்கள்.

எந்தப் பெட்டரி?

லொறி, திரீவீலர் பெட்டரி வண்டியை ஸ்டார்ட் பண்ணுவதற்குச் செய்தது. ஒரே மூச்சில் நிறையக் கொடுக்கும். ஆனால் மணிக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் உள்ளே இருக்கும் மெல்லிய தகடு தாங்காது. இன்வேர்ட்டருக்கு அல்லது சோலருக்கு என்று செய்த தடித்த தகடு பெட்டரியைக் கேட்டு வாங்குங்கள். பழைய வண்டிப் பெட்டரியை மலிவாக வாங்குவது ஓட்டை வாளியை வாங்குவது போலத்தான்.

லித்தியம் பெட்டரி கனம் குறைவு, பல வருடம் உழைக்கும், எண்பது பங்கு வரை எடுக்கலாம். விலை அதிகம், அதற்கென்று உள்ள சார்ஜரே வேண்டும். பழைய லெப்டொப் பெட்டரிகளைப் பிரித்து யாரோ ஒட்டித் தருவதை மட்டும் காம்பராவுக்குள் கொண்டுவர வேண்டாம். அது நெருப்புப் பிடித்தால் அணைப்பது கஷ்டம்.

சார்ஜர், பெட்டரியின் அளவில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் சரி. 60 அம்பியர் பெட்டரிக்கு 6 அம்பியர் சார்ஜர். மேலே சொன்ன வீட்டில் போன 26 அம்பியர் திரும்ப ஏற ஐந்து, ஆறு மணித்தியாலம் ஆகும். ஓய்வில் இருக்கும் பெட்டரி 12.7 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. அரைகுறையாக வாரக்கணக்கில் விட்டு வைத்தால் தகட்டில் வெள்ளை படிந்து கெட்டுவிடும்.

சோலரில் சார்ஜ் பண்ணுவதும் நல்லதே. 50 வாட்ஸ் தகடு நல்ல வெயில் நான்கு மணித்தியாலம் இருந்தால் 200 வாட் மணித்தியாலம் தரும். ஆனால் ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரைக்கும், பதுளைப் பக்கம் டிசெம்பர், ஜனவரியிலும் மழையும் மூட்டமும் இருக்கும். அந்த நாட்களில் அதில் பாதிகூட வராது.

உயிரைக் காக்கும் விதிகள்

1. இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரால் இன்வேர்ட்டர் கரண்டைச் சுவர் பிளக்கில் குத்தி வீடு முழுக்க எரிய வைக்கவே கூடாது. அந்தக் கரண்ட் வெளி வயருக்கும் போகும். கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவர் செத்துப் போவார். மெயின் கரண்ட் திரும்பி வரும்போது உங்கள் இன்வேர்ட்டரும் எரியும். வீட்டு வயரிங்கோடு சேர்க்க வேண்டுமானால் அனுமதி பெற்ற மின்சார பாஸ் மாற்றுச் சுவிட்ச் வைத்துச் செய்ய வேண்டும்.

2. பெட்டரிக்கும் இன்வேர்ட்டருக்கும் நடுவில் ஓடும் வயர் தடிப்பாகவும் குட்டையாகவும் இருக்க வேண்டும். 500 வாட்ஸ் என்பது 230 வோல்ட்டில் 2 அம்பியர்தான். 12 வோல்ட்டில் ஏறக்குறைய 50 அம்பியர். சாதாரண வீட்டு வயரைப் போட்டால் உருகிப் புகையும். ஒரு மீற்றர் தூரத்துக்குள் 16 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் போடுங்கள்.

3. பெட்டரியின் பிளஸ் பக்கத்தில், பெட்டரிக்குக் கிட்டவே ஒரு பியூஸ் கட்டாயம். பியூஸ் போனால் வெள்ளிக் கடதாசியோ கம்பியோ சுற்ற வேண்டாம்.

4. சார்ஜ் ஆகும் ஈய அசிட் பெட்டரியிலிருந்து ஐதரசன் வாயு வரும். ஒரு தீப்பொறி பட்டால் வெடிக்கும். ஜன்னல் அடைத்த படுக்கைக் காம்பராவில், சாமி விளக்குக்கும் அடுப்புக்கும் கிட்ட வைக்க வேண்டாம். மழை படாத, காற்றோட்டமான, பிள்ளைகள் கை எட்டாத இடமாகப் பாருங்கள்.

5. தண்ணி குறைந்தால் காய்ச்சி வடித்த பெட்டரித் தண்ணி மட்டும் ஊற்றுங்கள். அசிட் கண்ணில் பட்டால் உடனே சுத்தத் தண்ணீரால் இருபது நிமிடம் கழுவி, 1990 அம்புலன்ஸுக்குப் பேசுங்கள்.

6. தனியாக வைத்த இன்வேர்ட்டரிலிருந்து வரும் 230 வோல்ட்டும் ஆளைக் கொல்லும். வீட்டு ட்ரிப் சுவிட்ச் அந்தக் கரண்டிலிருந்து உங்களைக் காப்பாற்றாது. ஈரக் கையால் தொட வேண்டாம். ஈரச் சீமெந்துத் தரையில் வைக்கவும் வேண்டாம்.

7. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடி மின்னல் வரும்போது சார்ஜரைச் சுவர் பிளக்கிலிருந்து கழற்றிவிடுங்கள்.

கடைக்குப் போகும்போது

பிள்ளைகளோடு உட்கார்ந்து வீட்டுச் சாமான்களின் வாட்ஸை ஒரு தாளில் எழுதுங்கள். மேலே காட்டியபடி கணக்குப் போடுங்கள். அந்தத் தாளோடு குறைந்தது மூன்று கடைக்குப் போய் விலை கேளுங்கள். பெட்டரி குறைந்ததும் தானாக நிற்கும் வசதி, சூடானால் நிற்கும் வசதி இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் நெபுலைசரையே கொண்டுபோய் கடையில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, காசு உங்களுடையது. கடை முத்திரையோடு பற்றுச்சீட்டும், திகதி எழுதிய கெரண்டி அட்டையும் வாங்காமல் வர வேண்டாம். பெட்டரிக்குத் தனிக் கெரண்டி உண்டா என்றும் கேளுங்கள்.

ஒரே வரிசையில் உள்ள இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒன்று வாங்கலாமா என்று சிலர் யோசிக்கிறார்கள். காம்பராவுக்குக் காம்பரா வயர் இழுப்பது ஆபத்து. அதைவிட, பரீட்சைக் காலத்தில் ஒரு வீட்டில் எல்லாப் பிள்ளைகளையும் உட்கார வைத்துப் படிக்க விடுவது நல்லது. 9 வாட்ஸ் மின்குமிழ் ஒன்றின் கீழ் நான்கு பிள்ளைகள் படிக்கலாம்; அதற்குப் பெட்டரியும் கனகாலம் தாங்கும்.