ஸ்டியரிங் நடுங்குதா மச்சி?

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்குப் பங்காளியான பழைய ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயரில் இறங்குறீங்கன்னு வைங்க. பிரேக்கை மிதிச்சதும் ஸ்டியரிங் தடதடன்னு நடுங்குது. வியர்க்காதா?

'டிஸ்க் வளைஞ்சிருச்சு, மாத்துங்க'ம்பாங்க. அவசரப்படாதீங்க! ஸ்டியரிங் ஆடினால் கோளாறு பெரும்பாலும் முன்சக்கரத்தில். சீட் அதிர்ந்தால் பின்பக்க டிரம்மில். முதலில் வீல் பேரிங் லூஸான்னு பாருங்க. அப்புறம் டயல் கேஜ் வைத்து டிஸ்க்கைச் சுற்றுங்க. (லேபில் அந்த கேஜைக் கண்டாலே தூங்கியவன் நான்!) முள் 0.1 மில்லிமீட்டருக்கு மேல் ஆடுதா? டிஸ்க்கைக் கழற்றி, ஹப் முகத்துத் துருவைச் சுரண்டிட்டு மறுபடி அளங்க. பல சமயம் வில்லன் துருதான். டிரம் வட்டம் கெட்டிருந்தால் லேத்தில் கடையணும். லாரி ஊரான நாமக்கல்லில் அதுக்கா பஞ்சம்? மாட்டும்போது வீல் நட்டுகளை எதிரெதிரா, ஒரே அளவில் இறுக்குங்க.