“சோறு தின்றாயிற்றா?” – தாய்லாந்தில் அரிசியின் மதிப்பு



வீடு தேடி வந்தவரிடம் சுகம் விசாரித்த கையோடு நாம் “சாப்பிட்டாயிற்றா?” என்று கேட்கிறோம். தாய்லாந்து மக்களும் அப்படித்தான். ஆனால் அவர்கள் மொழியில் அந்தக் கேள்வி, “கின் காவ் ரூ யாங்?” அதாவது, “சோறு தின்றாயிற்றா, இன்னும் இல்லையா?” என்பதாகும். ‘காவ்’ என்றால் அரிசி, சோறும் அதுவே. வந்தவர் நூடில்ஸ் உண்டிருந்தாலும் கேள்வி மாறாது. மீன், இறைச்சி, மரக்கறி எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘கப் காவ்’, ‘சோற்றோடு சேர்வது’, என்றே பெயர். சோறுதான் தலைமை, மற்றவை யாவும் துணை.

கறிகளை நடுவில் வைத்து, குடும்பமே சுற்றியிருந்து பகிர்ந்து உண்பது அங்கு வழக்கம். சஹனைச் சுற்றியமர்ந்து உண்டு பழகிய நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. தெற்கே பட்டாணி, யாலா, நராத்திவாட் மாகாணங்களில் மலாய் பேசும் முஸ்லிம்கள் பெருமளவில் வாழ்கின்றனர். மஞ்சளும் வாசனைச் சரக்குகளும் இட்டு முஸ்லிம்கள் சமைக்கும் ‘காவ் மொக்’, நமது பிரியாணிக்கு உறவு. பச்சிலைகளை நறுக்கி, வறுத்த தேங்காய்ப்பூவோடு சோற்றில் பிசையும் ‘காவ் யம்’ தெற்கின் தனிச்சிறப்பு.

ரம்பையின் வாசம்

தாய்லாந்தின் ‘ஹோம் மலி’யை மல்லிகை அரிசி என்கிறோம். மல்லிகை போன்ற வெண்மையால் வந்த பெயர் அது. மல்லிகை மணத்தால் அல்ல. உலையில் கொதிக்கும்போது எழுவது நமது ரம்பை இலையின் வாசமே. இரண்டிலும் அந்த வாசத்தைத் தரும் பொருள் ஒன்றுதான்! நாம் இலை போட்டு வரவழைப்பதை, அந்த அரிசி தன்னுள்ளேயே வைத்திருக்கிறது.

1950களின் முற்பகுதியில் சாச்செங்சாவ் மாகாணத்தில் 199 நெற்கதிர்கள் சேகரிக்கப்பட்டன. அவற்றை வரிசைவரிசையாக விதைத்துச் சோதித்ததில் தேறியது 105ஆவது வரிசை. 1959இல் அது ‘காவ் டாக் மலி 105’ என்று விவசாயிகளுக்கு வழங்கப்பட்டது.

வடகிழக்கிலுள்ள ‘துங் குலா ரொங்ஹாய்’ சமவெளி இந்த நெல்லுக்குப் பேர்போனது. ‘குலா மக்கள் அழுத வெளி’ என்பது அதன் பொருள். நீரும் நிழலும் இல்லாத அவ்வெளியைக் கடந்த வணிகர்கள் களைத்து அழுதார்களாம். மணலும் உப்பும் கலந்த மண். மழையை நம்பி வருடத்தில் ஒரே போகம். விளைச்சல் குறைவு. ஆனால் வாசமோ அங்கேதான் மிகுதி.

விளைவித்தவர் உண்பது என்ன?

வடகிழக்கில் பல குடும்பங்கள் ஹோம் மலியை விற்பதற்காக விளைவித்து, வீட்டுக்கென ஒட்டரிசி பயிரிடுகின்றன. பெண்கள் இரவே அரிசியை ஊறவைத்து, விடியலில் மூங்கில் கூடையில் ஆவியில் அவிப்பார்கள். அதை விரலால் உருட்டி, சம்பலில் தொட்டு உண்பார்கள். வாசமுள்ளது கப்பலேறுகிறது, விளைவித்தவருக்குக் கடன் மிஞ்சுகிறது.

அவர்களுக்கு உதவவென்று 2011இல் அரசாங்கம் ஹோம் மலி நெல்லை டன்னுக்கு 20,000 பாத், சாதாரண நெல்லை 15,000 பாத் விலையில் வாங்க முன்வந்தது. சந்தை விலையைவிட அது மிக அதிகம். வாங்கியதை விற்க முடியாமல் களஞ்சியங்கள் நிரம்பின. 2012இல் அரிசி ஏற்றுமதியில் முதலிடம் இந்தியாவுக்குப் போயிற்று. 2014 ஆரம்பத்தில், நெல்லைக் கொடுத்துவிட்டு மாதக்கணக்காகப் பணம் கிடைக்காத விவசாயிகள் பாங்கொக் வீதிகளில் இறங்கினார்கள். சோற்றின் பெயராலேயே நலம் விசாரிக்கும் நாட்டில், அதை விளைவித்தவர் பட்ட பாடு இது!

அரிசிக்கு ஒரு பெண் தெய்வத்தைக் கற்பித்து வணங்குவது அந்நாட்டவர் பலரின் பழைய நம்பிக்கை. அதில் நமக்குப் பங்கில்லை. ஆனால் பருக்கையை மிதிக்காதே, வீணாக்காதே என்று அவர்களது மூதாட்டிகள் பிள்ளைகளுக்குச் சொல்லும் புத்தியை நம் உம்மாமாரும் சொல்லித்தான் வளர்த்தார்கள்.

சகோதரிகளே! ஹோம் மலி கிடைத்தால் ஒருமுறை ரம்பை போடாமல் ஆக்கிப் பாருங்கள். வாசம் எழும்போது, அது எந்த மண்ணில், யாருடைய உழைப்பில் விளைந்ததென்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பிறகு பீங்கானில் மிச்சம் வைக்க அவர்களுக்கே மனம் வராது.