ஆழ்கூளத்திற்கு ஏற்ற மரச் சீவல்

நம் நாட்டில் கறிக்கோழிகள் பெரும்பாலும் ஆழ்கூள முறையில் வளர்க்கப்படுகின்றன. தரையில் பரப்பப்படும் கூளம் எச்சத்தின் ஈரத்தை உறிஞ்சுவதோடு குஞ்சுகளுக்குக் கதகதப்பும் அளிக்கிறது. நெல் விளையும் பகுதிகளில் உமியும், வேறு சில இடங்களில் நிலக்கடலைத் தோலும் இதற்குப் பயன்படுகின்றன. மர அறுப்பு ஆலைகளும் தச்சுப் பட்டறைகளும் மிகுந்த ஊர்களில் மரச் சீவலே எளிதிற் கிடைக்கும். அதனை வாங்குவோர் அது என்ன மரம் என்று கேட்பதுண்டு. சீவலாவதற்கு முன் அம்மரத்திற்கு என்ன மருந்து ஏற்றப்பட்டது என்பதே அதனினும் முக்கியமான கேள்வி.

1933-ல் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சொண்டி காமேசம், தாமிரம், குரோமியம், ஆர்சனிக் ஆகியவை கலந்த ‘ஆஸ்கு’ என்னும் மரப் பாதுகாப்புக் கலவையை உருவாக்கினார். கரையானையும் பூஞ்சையையும் அண்டவிடாத இக்கலவை உலகின் பல நாடுகளுக்கும் பரவியது. மரத்தாலான மின்கம்பங்கள் பல்லாண்டுகள் உழைப்பதற்கு இது உதவிற்று. இந்திய அறிவியலின் பெருமைக்குரிய சாதனைதான். ஆனால் மரத்தைக் காக்கும் அந்நஞ்சு கூளத்திற்கு ஆகாது. கோழிக்குஞ்சு தீவனத்தோடு கூளத்தையும் கொத்தித் தின்னும். எஞ்சும் கூளம் எருவாக வயலுக்குச் செல்கிறது. ஆர்சனிக் மட்கி அழியும் பொருளன்று.

மற்றொரு மருந்து பென்டாகுளோரோபீனால். பிரிட்டனில் கோழியிறைச்சியில் பூசண வாடை வீசியதன் காரணம் 1970-களின் தொடக்கத்தில் ஆராயப்பட்டது. கூளமாக இட்ட சீவலில் இருந்த குளோரோபீனால்களைப் பூஞ்சைகள் கடும் வாடையுள்ள வேறு சேர்மங்களாக மாற்றியிருந்தன. இம்மருந்து இந்தியாவில் தடை செய்யப்பட்டுள்ளது. எனினும் இடித்த கட்டடங்களின் பழைய மரம் எதனைத் தாங்கி வருகிறது என்று கூற இயலாது. பிசின் கலந்த ஒட்டுப்பலகைத் தூளும் விலக்கத்தக்கதே.

மருந்தேற்றிய மரம் சில வேளை பச்சை நிறம் காட்டும், காட்டாமலும் இருக்கும். ஆகவே நிறத்தை நம்புவதைவிட, மருந்திடாத புது மரத்தை மட்டும் அறுக்கும் ஆலையைத் தேர்ந்து அங்கேயே தொடர்ந்து வாங்குவது நன்று. விரிவாக்க அலுவலர்கள் பண்ணையைப் பார்வையிடும்போது கூளம் வந்த இடத்தையும் விசாரித்துக் குறித்துக்கொள்ளலாம்.

நல்ல மரமாயினும் ஈரம் கேடு தரும். ஈரச் சீவலில் வளரும் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை குஞ்சுகளின் நுரையீரலைத் தாக்கும். நனைந்த கூளத்தில் இரத்தக்கழிச்சல் பரவும். அம்மோனியா வாயு கண்ணை எரிக்கும். மிக நுண்ணிய தூளைவிடச் சீவலே மேல்; தூள் சுவாசத்தில் கலக்கும், குஞ்சுகளும் அதைத் தீவனமென்று உண்ணும். வெயிலில் உலர்த்திய சீவலை 5 செ.மீ. உயரத்திற்குப் பரப்பி, முதல் சில நாட்கள் மேலே காகிதம் விரிப்பது வழக்கம். ஒரு பிடி கூளத்தை இறுக்கிப் பிடித்துக் கையைத் திறக்கும்போது அது உருண்டையாகவே நின்றால் ஈரம் மிகுதி. உடனே கிளறிவிட்டு, நனைந்த பகுதியை அகற்றிப் புதுச் சீவல் இடவேண்டும்.