மௌனப் படக் காலம் - 9: தம்பியை வில்லனாக்கிய படம்

சென்ற வாரம் அகஸ்தீஸ்வரம் ஜே.சி. டேனியல் ‘விகதகுமாரன்’ என்ற ஊமைப்படம் எடுத்துச் சொத்திழந்த கதையைப் பார்த்தோம். அதைக் கூடவே இருந்து பார்த்த உறவினர், நாகர்கோவில் சுந்தர்ராஜ். அந்தப் படத்தில் நடித்தவர். அத்தனைக்குப் பிறகும் அவர் தயாரிப்பில் இறங்கினார் என்றால், அதைத் துணிச்சல் என்பதா, குடும்பக் கிறுக்கு என்பதா!

அவர் தேர்ந்தெடுத்தது சி.வி. ராமன்பிள்ளையின் ‘மார்த்தாண்டவர்மா’ நாவல், 1891இல் வந்தது. இயக்குநர் பி.வி. ராவ். படம் 1933இல் வெளியானது. தமிழில் ‘காளிதாஸ்’ பேசிப் பாடி இரண்டு வருஷம் ஆகிவிட்டிருந்த நேரத்தில் ஒரு ஊமைப்படம்.

கோபன்ஹேகனில் 1906இல் தொடங்கிய நார்டிஸ்க் கம்பெனி போன்றவை எழுத்து அட்டையை மட்டும் அந்தந்த ஊர் மொழிக்கு மாற்றி, படத்தை நாடு நாடாக அனுப்பின. நம்ம படத்தின் அட்டைகளோ மலையாளத்திலும் ஆங்கிலத்திலும்தான் இருந்தன. திருவிதாங்கூரின் தென்கோடியில் தமிழ் பேசியவர்களுக்கென்று ஒரு வரி கிடையாது.

கதை நடப்பதோ நம்ம மண்ணில். 1729ஐ ஒட்டிய காலம், பத்மநாபபுரம் அரண்மனை. ராமவர்மா ராஜா நோயில் கிடக்கிறார். மருமக்கள்தாய முறைப்படி பட்டம் மருமகன் மார்த்தாண்டவர்மாவுக்கு. ராஜாவின் மகன்கள் பப்புத்தம்பியும் ராமன்தம்பியும் எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்ற பிரபுக்களோடு சேர்ந்து அதைத் தடுக்கப் பார்க்கிறார்கள். இளவரசன் பக்கம் நிற்கும் அனந்தபத்மநாபன் பஞ்சவன்காட்டில் வெட்டுப்பட்டு விழ, வழிப்போக்கராக வந்த பட்டாணியர் எடுத்துக் காப்பாற்றுகிறார்கள். அவன் செத்தான் என்று எல்லோரும் நம்பினாலும் காதலி பாருக்குட்டி நம்பவில்லை. அவளைக் கட்ட அலைகிறவன் பப்புத்தம்பி. ஆக, படத்தில் அவன் பெண்பித்தன், துரோகி.

இதே தம்பிமார் நாஞ்சில் நாட்டுக் கொடைவிழாவில் வேறு ஆட்கள். வில்லுப்பாட்டில் வீசுகோல் விழுந்து ‘தம்பிமார் கதை’ தொடங்கினால், பெண் கேட்டு வருகிறவன் ராஜா. தம்பிமாரின் தங்கை கொச்சுமணியை மார்த்தாண்டவர்மா கேட்கிறான். அவள் வயிற்றுப் பிள்ளைக்குப் பட்டம் தருவதானால் சம்மதம் என்கிறார்கள் அண்ணன்கள். ராஜா மறுக்கிறான். தம்பிமார் கொல்லப்படுகிறார்கள்; தங்கை நாக்கைப் பிடுங்கிக்கொண்டு உயிரை விடுகிறாள். செத்தவர்களைத் தெய்வமாக்கிக் கும்பிடுகிறவர்கள் இங்கே உண்டு. நாவலாசிரியர் திருவனந்தபுரத்திலிருந்து பார்த்தார், அதில் தப்பில்லை. ஆனால் நாகர்கோவிலில் பிறந்து வளர்ந்த சுந்தர்ராஜ், வில்லுப்பாட்டு காதில் விழாமலா இருந்திருப்பார்? அந்தக் கதையை எடுத்திருந்தால் இன்னும் நல்ல படமாகியிருக்கும் என்பது என் கட்சி. திருவிதாங்கூர் மகாராஜா ஆண்ட காலத்தில் அதை யார் திரையிட விட்டிருப்பார்கள் என்பதும் நியாயமான கேள்விதான். எடுத்த படத்திலோ, சித்திரைத் திருநாள் மகாராஜாவின் நிஜ ஊர்வலக் காட்சியையே சேர்த்திருக்கிறார்கள். இருநூறு வருஷத்துக்கு முந்தைய கதைக்குள் நடப்பு ராஜா!

படத்தை முடக்கியது அரண்மனை அல்ல, புத்தகக் கடை. நாவலின் உரிமை கமலாலயா புத்தக டெப்போவிடம் இருந்தது. சுந்தர்ராஜ் அதை முறையாக வாங்கவில்லை. படம் கொட்டகைக்கு வந்த கையோடு வழக்கும் வந்தது. பெட்டி பதிப்பகத்தார் கைக்குப் போயிற்று. சுந்தர்ராஜ் நொடித்துப்போனார்.

அந்த வழக்குதான் படத்தைப் பிழைக்க வைத்தது. ஊர் ஊராக ஓடிய படங்களின் சுருள்கள் தேய்ந்தும் எரிந்தும் போயின; ‘விகதகுமார’னில் ஒரு அடிகூட மிஞ்சவில்லை. பதிப்பகத்துக் கிட்டங்கியில் புத்தகக் கட்டுகளோடு முடங்கிக் கிடந்த இந்தப் பெட்டியை 1974இல் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் வாங்கியது. தென்னிந்திய மௌனப் படங்களில் ஏறத்தாழ முழுதாகக் கிடைப்பது இது ஒன்றுதான்.

(தொடரும்)