லேசர்னாலே சுடுமா? கீமோ வாய்ப்புண்ணைத் தடுக்கும் 'சுடாத லேசர்' எப்படி வேலை செய்யுது?

எச்சில் விழுங்கினாலே வலிக்கும். கஞ்சி குடித்தாலும் எரியும். கீமோதெரபி, ரேடியேஷன் எடுக்கும் புற்றுநோயாளிகள் பலரை வாட்டும் வாய்ப்புண் இது. புண் முற்றினால் சாப்பாடு நின்றுபோகும். சிலருக்கு புற்றுநோய் சிகிச்சையையே தள்ளிப்போட வேண்டிய நிலை வரும். இந்தப் புண்ணைத் தடுக்கக் கைகொடுப்பதுதான் 'லோ லெவல் லேசர் தெரபி'.

லேசர்னா சுடாதா?

அறுவை சிகிச்சை லேசர், வெப்பத்தால் திசுவை வெட்டும். இது அப்படி இல்லை. பொதுவாக அரை வாட்டுக்கும் குறைவான சக்திதான். அதனால் சுடாது, வலிக்காது.

எப்படித் தெரிய வந்தது?

ஹங்கேரி மருத்துவர் எண்ட்ரே மெஸ்டர் 1967-ல் எலிகளின் முடியை மழித்து, லேசர் ஒளி காட்டி சோதித்தார். ஒளி பட்ட எலிகளுக்கு முடி வேகமாக முளைத்தது! அதன்பிறகு, ஆறாத புண்களுக்கும் இதைப் பயன்படுத்திப் பார்த்தார்.

உடம்புக்குள் என்ன நடக்குது?

செல்லுக்குத் தேவையான ஆற்றலைத் தயாரிக்கும் இடம் மைட்டோகாண்ட்ரியா. அங்குள்ள ஒரு நொதி, 600 முதல் 1,000 நானோமீட்டர் வரையிலான சிவப்பு, அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சுகிறது. இதனால் செல்லின் ஆற்றல் உற்பத்தி கூடி, வீக்கம் குறைந்து, புண் ஆறுவது வேகமாகிறது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம்.

எப்படிக் கொடுப்பாங்க?

பேனா போன்ற கருவியை வாய்க்குள் வைத்து, ஒவ்வொரு இடத்திலும் சில விநாடிகள் ஒளி காட்டுவார்கள். நோயாளி, சிகிச்சை தருபவர் இருவருமே பாதுகாப்புக் கண்ணாடி போட வேண்டும். அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விழித்திரையைப் பாதிக்கலாம்.

அதிக நேரம் காட்டினால் சீக்கிரம் ஆறுமா?

ஆறாது. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது இதற்கும் பொருந்தும். அளவு கூடினால் பலன் குறையும்.

எல்லா நோய்க்கும் உதவுமா?

வாய்ப்புண் விஷயத்தில் ஆதாரம் வலுவானது. பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு 2018-ல் இதற்கு ஆதரவாக வழிகாட்டுதல் வெளியிட்டது. கழுத்து வலி, மூட்டு வலி ஆய்வுகளில் முடிவுகள் மாறி மாறி வந்துள்ளன. 'புகைப்பழக்கத்தை விரட்டும்' போன்ற விளம்பரங்களுக்கு உறுதியான ஆதாரம் இல்லை.

கவனிக்க வேண்டியது என்ன?

புண் வந்தபிறகு தேடுவதைவிட, புற்றுநோய் சிகிச்சை தொடங்கும் முன்பே டாக்டரிடம் கேட்பது நல்லது. ஏன்னா, புண் வராமல் தடுப்பதில்தான் இதன் பலன் அதிகம். கட்டி இருக்கும் இடத்தில் ஒளி படலாமா என்பதை புற்றுநோய் மருத்துவர்தான் முடிவு செய்யணும். ஆன்லைனில் கருவி வாங்கி வீட்டிலேயே முயற்சி செய்வது வேண்டாம்.